அன்னதானத்துக்குத் தலை எண்ணிய கதை

மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று வீடுவீடாகச் சென்று எண்ணி வருவது அன்றைக்கு எனக்கு இட்ட வேலை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுடையது சிற்றூர். சென்ற ஆண்டு சோறு மிஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று.

"இந்த வருசம் வாத்தியார் எண்ணட்டுமுங்க," என்றார் கோயில் தலைவர் பழனிச்சாமி.

ஓர் இலைச் சோறும் மிஞ்சாது, ஒருவரும் பசியோடு திரும்பார் என்று எழுந்து நின்று வாக்களித்தேன். அப்படியொரு வாக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

முதல் வீடு சரசுவுடையது.

"எத்தனை பேர் அம்மா?"

"அஞ்சு பேருங்க சார்."

வாசலில் மூவரே தென்பட்டனர்.

"மற்ற இருவர்?"

"அவரு ரிக் வண்டியோட சத்தீஸ்கர்ல போர் போடறாருங்க. பெரியவன் லாரில போயிருக்கானுங்க."

"அப்படியானால் மூவர் என்றல்லவா சொல்ல வேண்டும்?"

"ஏனுங்க சார், ஊட்டு ஆளை இல்லீன்னு எப்படிங்க சொல்றது?"

இரக்கமின்றி இருவரைக் கழித்தேன். எல்லா வீட்டிலும் இதே கதைதான். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் வெளி மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டித் தண்ணீர் தேடுகிறார்கள். பெண்கள் அவர்களுக்கும் சேர்த்தே கணக்குச் சொல்கிறார்கள். மதியத்துக்குள் ஊர் பாதியாகச் சுருங்கிவிட்டது.

கடைசியாகக் கோழிப்பண்ணை. முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த சபிதா, "நாங்க அஞ்சு பேர் சார்," என்றாள்.

"சொந்த ஊர்?"

"ஒடிசா சார். இங்க நாலு வருசம்."

நான் இவ்வூர்க்காரர்களை மட்டுமே எண்ணுவதாக விளக்கினேன். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஊர்க்காரர்களை ஊரில் இல்லை என்று கழித்தேன். ஊரில் இருப்பவர்களை ஊர்க்காரர் இல்லை என்று கழித்தேன். இந்த முரண்பாடு எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கணக்கைக் கொடுத்தபோது சமையல்காரர் மட்டும் தயங்கினார். "கொஞ்சம் சேத்துப் போட்டுக்கலாமுங்களா?"

"வேண்டா. எண்ணியாயிற்று."

நோம்பி, அதாவது கோயில் திருவிழா அன்று காலை ஊரெல்லையில் ரிக் வண்டிகள் வரிசையாக நின்றன. சரசுவின் கணவர் குதித்து இறங்கினார். "நோம்பிக்கு வராம இருப்பமுங்களா சார்?" அவர் பின்னால் வண்டிக்கு நான்கு பேர் வீதம் உதவியாள்கள் இறங்கினர்.

இரண்டாம் பந்தியிலேயே அண்டா காலி. சமையல்காரர் கரண்டியால் அதன் அடியைத் தட்டிக் காட்டினார், என்னைப் பார்த்தபடியே. அந்த நேரத்தில்தான் சபிதாவின் குடும்பம் குளித்து, புதுத்துணி உடுத்தி வந்து நின்றது. பழனிச்சாமி அழைத்திருந்தாராம். சபிதா அண்டாவைப் பார்த்தாள். "பரவால்ல சார்," என்று பிள்ளைகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கால்மணி நேரத்தில் சரசு தன் வீட்டுச் சோற்றுக் குண்டானோடு வந்தாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்தனர். "அஞ்சு பேருன்னு அன்னைக்கே சொன்னனுங்களே சார். அதுக்குத் தகுந்தாப்புலதான் ஊட்டுலயும் ஆக்குனேன்."

பந்தி தொடர்ந்தது. என் வாக்கில் ஓட்டை ஒன்றுதான் மிச்சம். பண்ணைக்கு ஓடினேன்.

"சபிதா, சோறு வந்துவிட்டது. எல்லாரும் வாருங்கள்."

அடுப்பில் முட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"சார் சாப்டாச்சா?"

"இன்னும் இல்லை."

"அப்ப உக்காருங்க." பாயை விரித்துத் தட்டுகளை வைத்தாள். ஒரு தட்டு கூடுதலாக இருப்பதைச் சுட்டிக்காட்டினேன், பழக்கதோஷம்.

"இன்னைக்கு ஆறு பேர் சார். உங்களச் சேத்து."

அந்தக் கணக்கில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.