நசரத்பேட்டையின் சிக்கனப் பெட்டி

திங்கட்கிழமை மதியம் ஒன்று ஐந்துக்குப் புகார் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை.

"அஜ்மல், காட்டுப்பாக்கத்துல பாதி ஊட்டுக்கு நெட்டு இல்லியாம்," என்றாள் ஆபீஸில் புகார்களைக் கவனிக்கும் ஜெயப்பிரியா, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "நீ எதுனா நோண்டினியா?"

"நோண்டல. ஆப்டிமைஸ் பண்ணினேன்."

"அதைத்தான் நானும் கேட்டேன்."

பூந்தமல்லியில் கலீல் ரகுமான் நடத்தும் இன்டர்நெட் கம்பெனியில் அஜ்மலுக்குப் பகலில் வேலை. சாயங்காலம் பொறியியல் மேற்படிப்பு. ஃபைபர் கேபிளில் வெளிச்சத்தை எந்த வழியில், எந்த அலைவரிசையில் அனுப்பினால் மின்சாரம் மிச்சமாகும் என்பதுதான் அவன் புராஜெக்ட். காட்டுப்பாக்கத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று சிக்னலைக் கடத்திவிடும் ஐயப்பன்தாங்கல் பெட்டி வழியாக, இன்னொன்று நசரத்பேட்டைப் பெட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு. ஒன்று படுத்தால் மற்றது தானாகத் தாங்கிக்கொள்ளும். அதனால் இத்தனை வருடம் யாரும் எதையும் கவனித்ததில்லை.

அஜ்மல் கவனித்தான். ஒரு மாதம் மீட்டர் பார்த்ததில், நசரத்பேட்டைப் பெட்டிதான் கம்மியாகக் கரண்டு எடுத்தது. எல்லாரையும் அந்த வழிக்கு மாற்றிவிட்டு, ஐயப்பன்தாங்கல் பெட்டியைத் தூங்க வைத்துவிடலாம் என்று அவன் எழுதிய புரோகிராம் சொன்னது.

"ஒரு வாரம் ஓட்டிப் பாரு," என்று கலீல் பாய் அனுமதி கொடுத்திருந்தார். "நல்லா ஓடிச்சுன்னா லெட்டர்ல கையெழுத்து போடறேன்." வெள்ளிக்கிழமை கல்லூரியில் ரிவ்யூ. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இரண்டு வருடப் படிப்பும் அந்தரத்தில் நிற்கும்.

அதனால் ஜாக்கிரதையாக, தானாக வழி மாறுவதை நிறுத்திவிட்டு, முதல் நாள் பாதி வீடுகளை மட்டும் மாற்றியிருந்தான். அந்தப் பாதிதான் இப்போது போனில் இருந்தது.

அலைவரிசை ஒதுக்குவது பஸ்ஸில் சீட்டு பிடிப்பது மாதிரி. குடும்பமாக ஏறினால் அடுத்தடுத்த சீட்டு வேண்டும். நடுவழியில் எழுந்து மாறி உட்காரவும் முடியாது. தான் சீட்டைத் தப்பாகக் கொடுத்துவிட்டதாக அஜ்மல் முடிவு செய்தான். உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி ஒதுக்கினான். சரியாக மூன்று மணிக்கு நெட் வந்தது.

நோட்டை எடுத்தான். செய்தது, நடந்தது, என் தவறு என்று மூன்று பத்தி போட்டிருந்தான். மூன்றாவதுக்குத்தான் இடம் அதிகம் விட்டிருந்தான். 'சீட்டு ஒதுக்கியதில் கவனக்குறைவு' என்று எழுதினான்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு மறுபடியும் போன்.

"அதே பாதிதான்," என்றாள் ஜெயப்பிரியா. "ஒருத்தர் கேக்கறாரு, நாங்க இன்னா பாவம் பண்ணோம், மத்த பாதியப் புடிச்சி ஆட்டக் கூடாதான்னு."

பாதி இந்த வழி, பாதி அந்த வழி என்று பிரித்ததில்தான் கோளாறு என்று அஜ்மலுக்குத் தோன்றியது. பரிசோதனையை அரைகுறையாகச் செய்த தன் பயந்த சுபாவத்தை மூன்றாவது பத்தியில் ஏழு வரி திட்டினான். பிறகு மீதி வீடுகள், ஆபீஸ் போன், கலீல் பாய் வீடு என்று அத்தனையையும் நசரத்பேட்டை வழிக்குத் தள்ளிவிட்டு, ஐயப்பன்தாங்கல் பெட்டியை முழுசாகத் தூங்க வைத்தான். அன்று ராத்திரி எல்லாம் ஜோராக ஓடியது. புதன்கிழமை காலையிலும் ஓடியது.

ஒரு மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஒன்று பத்து. அப்போதும் அடிக்கவில்லை.

அஜ்மல் மூச்சு விட்டான். "பாத்தியா? ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல."

ஜெயப்பிரியா போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். "இதுவும் செத்துப்போச்சு."

ஒன்று இருபதுக்குக் கலீல் பாய் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஊட்ல அஷ்ரஃபுன்னிசா சாமியாடறா. துபாய்லேர்ந்து பொண்ணு ரைஹானா ஒரு மணிக்குத்தான் வீடியோல வருவா. வாயத் தொறந்தா, அப்டியே நின்னுட்டா. பழைய பொட்டிய எழுப்பு தம்பி."

"எழுப்ப முடியல பாய்."

"ஏன்?"

"எழுந்திருன்னு சொல்ற சிக்னலும் நசரத்பேட்டை வழியாத்தான் போகணும்."

கலீல் பாய் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டார். "படிச்சவன்டா நீ," என்றார். "லெட்டர் விஷயம் அப்புறம் பேசலாம். வண்டில ஏறு."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எந்தச் சீட்டில் தப்பு என்று அஜ்மல் வழியெல்லாம் யோசித்தான். மூன்றாவது பத்தியில் இடம் தீர்ந்திருந்தது. முதல் பத்திக்குள் புகுந்து எழுதினான்.

நசரத்பேட்டையில் பெட்டி இருந்தது வசந்தாவின் தையல் கடைக்குள், மிஷினுக்கு மேலே சுவரில். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கலீல் பாய் குனிந்து தட்டினார். உள்ளே பாயில் படுத்திருந்த வசந்தா எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு வந்தாள்.

"வாங்க பாய். இன்னா இந்நேரத்துல?"

"பொட்டி ரிப்பேராயிடுச்சும்மா. மூணு நாளா ஊரே நாறுது."

அஜ்மல் பெட்டியைப் பார்த்தான். ஒரு விளக்கும் எரியவில்லை. நோட்டைப் பிரித்தான். "கரண்டு எடுக்கறதுல இதுதான் பெஸ்ட் பொட்டி பாய். இது போவ வாய்ப்பே இல்ல. தப்பு என்னோடதுதான்..."

வசந்தா எட்டி ஒரு சுவிட்சைத் தட்டினாள். விளக்குகள் வரிசையாக எரிந்தன. பெட்டி உறுமத் தொடங்கியது.

"ரிப்பேர்லாம் இல்ல பாய், சாப்ட்டுச் செத்த கண்ணசந்தா கொய்யினு கத்துது, அதான் ரெண்டு வருஷமா ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் அணைச்சுப் போட்ருவேன், இதுதான் இருக்கறதுலயே கம்மியா கரண்டு துன்ற பொட்டின்னு இந்தத் தம்பியே போன மாசம் மீட்டரப் பாத்துட்டு மெச்சினு போச்சே."