மதகுக்காரரின் பரங்கிக்காய்

பாகூர் வட்டாரத்தில் ஈக்கள் பட்டினி கிடந்த வீடு மதகுக்காரருடையது ஒன்றுதான். வழி தவறி உள்ளே நுழைந்த ஈ ஒரு சுற்று சுற்றிப் பார்க்கும். பிறகு எதிர்வீட்டுக்குப் போய்விடும். அந்த வீட்டில் குப்பை என்று ஒன்று கிடையாது. காய்த்தோல் எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் மாட்டுக்கு, அந்த மாட்டின் சாணம் இவருடைய கத்திரிக்கு என்று இரண்டு வீட்டுக்கும் ஒப்பந்தம். மாடு ஒருநாள் வயலில் சாணம் போட்டு வந்துவிட்டால் இவர் முகம் தொங்கிப்போகும்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊர் ஏரியின் மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை, அதனால் மதகுக்காரர். ஐம்பது வயது ஒண்டிக்கட்டை. ஏரித் தண்ணீர் முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் மதகிலிருந்து தன் தோட்டத்துக்கு ஒரு கை அள்ள மாட்டார். "அது ஊர்த் தண்ணி" என்பார்.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம், பாகூர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அரிசிக்கு அலைந்த வருடங்கள். நான் நாலாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவன். வில்லியனூரில் கரும்பு வண்டி ஓட்டினேன், கடலூரில் மூட்டை தூக்கினேன், எங்கேயும் ஆறு மாதம் தாங்கவில்லை. முப்பது வயதை நெருங்கும்போது ஏரிக்கரைக்கு மண் போடுகிற வேலைக்கு வந்து, இவர் வீட்டில் ஒட்டிக்கொண்டேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"துன்னு, தூங்கு, இரு. எதையும் எறியாத. எறியறதா இருந்தா என்னக் கேட்டுட்டு எறி."

பதினோரு மாதம் கேட்டேன். ஒருமுறைகூட அனுமதி கிடைக்கவில்லை.

அரிசி கழுவிய தண்ணீர் குழம்புக்குப் போகும். சட்டி கழுவிய தண்ணீர் கீரைக்கு. குளிக்கிற தண்ணீருக்கும் முறை உண்டு. திங்கள் வாழை, செவ்வாய் மிளகாய் என்று ஒவ்வொரு நாளும் ஒரு செடிக்குப் பக்கத்தில் நின்று குளிக்க வேண்டும்.

"இன்னிக்கி வெள்ளிக்கிழம. நீ முருங்கையாண்ட குளி."

முருங்கை வேலியோரம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் குடத்தோடு போகிற பாதை.

"அண்ணே, பொம்பளைங்க போறாங்கண்ணே."

"போறவங்க போயிடுவாங்க. முருங்க இங்கதான நிக்கும்? குளி."

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பார். எல்லோரும் கூரைமேல் வைப்பார்கள். இவர் கத்திரிப் பாத்தி நடுவில் ஒரு மூங்கில் நட்டு, அதன்மேல் பலகை கட்டி வைப்பார். பாட்டன் முப்பாட்டன் வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே ஏதாவது போட்டுவிட்டுப் போனால் அதுவும் பாத்திக்கு ஆகட்டும் என்ற எண்ணம்.

கொம்யூன் ஆபீசிலிருந்து ஒருமுறை கால்சராய் போட்ட ஒருவர் மதகைப் பார்க்க வந்தார். வெயிலில் நடந்து வந்தவருக்கு மதகுக்காரர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். வந்தவர் வாய் கொப்பளித்துத் துப்பப் போனார். மதகுக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"முசியே, முசியே! அங்க வாணாம். ரெண்டு எட்டு வெச்சி வெண்டையாண்ட துப்புங்க!"

கால்சராய்க்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டே இரண்டு எட்டு நடந்தார். பிரெஞ்சு சர்க்காரைக் கன்னத்தில் தண்ணீரோடு நடக்கவைத்த ஆள் எனக்குத் தெரிந்து இவர் மட்டும்தான்.

"ஒங்கண்ணன் ஒருநாள் ஒன்னையும் வெட்டி வாழைக்கி எருவாப் போட்டுடுவாரு, பாத்துக்க" என்பாள் கன்னியம்மா.

"இவன் ஒடம்புல இன்னா கீது? வாழைக்கிக் காணாது" என்பார் அவர், வேலையை விடாமல்.

இவ்வளவு கஞ்சமான மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் அள்ளிக் கொடுப்பார். அது பரங்கி விதை. அவரிடம் ஒரு பரங்கிச் சாதி இருந்தது. சதை செக்கச் சிவப்பு. கை கழுவுகிற தண்ணீரே போதும், காய்த்துக் கொட்டும். பரணில் வைத்தால் ஆறு மாதம் கெடாது. கோடையில் அரிசி கண்ணில் படாதபோது அவருக்கு மூன்று மாதச் சாப்பாடு அதுதான். மணப்பட்டிலிருந்தும் பண்டசோழநல்லூரிலிருந்தும் ஆட்கள் வந்து விதை வாங்கிப் போவார்கள். காசு வாங்கமாட்டார்.

அந்த வருடம் கார்த்திகையில் புயல் அடித்தது. தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. கொடிகள் அழுகின. விதைப் பானைக்குள் தண்ணீர் புகுந்து விதை முழுவதும் ஊறிக் கெட்டது. கிணறு பாதிக்கு மேல் சேற்றால் மூடிக்கொண்டது. தப்பியது கூரைமேல் ஏறியிருந்த ஒரே ஒரு பரங்கிக் கொடி. அதில் தலை அளவுக்கு ஒரு காய், பச்சையாக.

"இதத் தொடாத. இது வெதைக்கி" என்றார். "இது பூடுச்சின்னா அந்தச் சாதியே பூடும்."

"வெதைய எடுத்துக்கிட்டு சதையத் துன்னலாமில்லண்ணே?"

"துன்னலாம். தையில."

ஏன் தையில் என்று நான் கேட்கவில்லை. மனிதர் கஞ்சத்தனத்தில் நாளை இழுக்கிறார் என்று நினைத்தேன்.

மார்கழியில் அவருக்குக் குளிர்சுரம் வந்தது. கோரைப்பாயோடு சேர்ந்து உதறினார். வீட்டில் கம்பு மட்டும் இருந்தது. ஐந்து நாள் கம்பங்கஞ்சி குடித்தவர், ஆறாம் நாள் வாயைத் திறக்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. கன்னியம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"வாயிக்கு ருசியா எதுனா குடுடா. நெதமும் கஞ்சியே காட்டுனா எமனே பயந்துடுவான், இவரு எங்க துன்னுவாரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அறுத்தபோது காம்பு பச்சையாக இருந்தது. உள்ளே சதை சிவப்பாக இல்லை, வெளிர்மஞ்சளாக இருந்தது. சுரக்காரருக்கு நிறம் தெரியவா போகிறது? வெல்லத்துண்டு ஒன்று கன்னியம்மா கொடுத்தாள். குழைய வேகவைத்து ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

"இன்னா காயி?"

"கன்னியம்மா குடுத்துச்சிண்ணே."

"அவகிட்ட நல்ல காய் ஏது?" என்று சொல்லிவிட்டு மறுபடி வாயைத் திறந்தார்.

நானும் எதையும் எறியவில்லை. தோலைத் துவையல் அரைத்தேன். விதையை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பிக் காயவைத்தேன். சதையும் ஆயிற்று, விதையும் ஆயிற்று, மனிதரும் பிழைத்தார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று நாள் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்ததும் கூரையைத்தான் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தேங்காய்ச் சிரட்டையில் விதையைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"நாந்தான் அறுத்தேண்ணே. ஆனா வெதைய பத்தரமா வெச்சிகீறேன்."

ஒரு விதையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். சிரட்டையில் திரும்பப் போட்டார்.

"சரிடா" என்றார். "நல்லா காய வெச்சிகீற."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கால் சரியாக ஊன்றாத மனிதர் மணப்பட்டுக்கு நடந்து போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். இரண்டு நாள் கழித்துப் பண்டசோழநல்லூர். இன்னாத்துக்கு இந்த நடை என்று கேட்டேன். "சும்மா. காலு வெளங்குதான்னு பாக்கத்தான்" என்றார். நம்பினேன்.

தை பிறந்ததும் நானே குழி வெட்டினேன், எரு போட்டேன், விதை ஊன்றினேன். தண்ணீரைத் தானே ஊற்றுவதாக அவர் சொல்லிவிட்டார். கிணறு தூர்ந்திருந்ததால் ஊர்க்குட்டையிலிருந்து குடம் சுமந்து வர வேண்டும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. புயலுக்குப் பிறகு புதிதாக நட்ட கத்திரி வாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் நேராகப் பரங்கிக் குழிக்குப் போவார்.

பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று.

"மொளைக்கலியேண்ணே."

"புயல் அடிச்ச மண்ணுடா. கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

இருபதாம் நாள் கன்னியம்மா மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு நாள்ல மொளச்சிடும்" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பச்சக் காயி வெதை எங்கடா மொளைக்கும்? அது பொக்கு, உள்ள பருப்பே கெடையாது. கொடியிலயே கெடந்து முத்தணும். அவரு அன்னிக்கே நசுக்கிப் பாத்துட்டாரே. அதான மணப்பட்டுக்கும் பண்டசோழநல்லூருக்கும் வெதை கேட்டு அலைஞ்சாரு? அங்க புயல்ல போனது பாதி, பசிக்கி வறுத்துத் துன்னது மீதி."

"அப்ப இன்னாத்துக்குத் தண்ணி ஊத்துறாரு?"

"ஒன்னாண்ட யாரு சொல்றது? 'பாவம், எனுக்காவத்தான் அறுத்தான். அவனே மறந்துட்டா சரி'ன்னாரு."

நான் மறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, கிளம்பிப் போவது. மறுநாள் காலையில் வில்லியனூரில் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் அப்போதுதான் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சி கீது. குடிச்சிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

குடித்தேன். கும்பாவைக் கழுவிய தண்ணீரைக் கீரைக்கு ஊற்றினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். வேலியைத் தாண்டி நடந்துவிட்டேன்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்று பார்த்தேன். நிறைகுடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர், கரையில் நான் நிற்பதைக் கண்டுகொண்டார் போலிருக்கிறது. கத்திரிப் பாத்தியில் இறக்கப் போன குடத்தை மறுபடி தோளில் ஏற்றி, பரங்கிக் குழி வரைக்கும் நடந்துபோய் அங்கேதான் ஊற்றினார். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு குடமாவது கத்திரிக்குப் போயிருக்கும்.