தென்கரைக்குக் காவல் தேவையா: ஓர் ஆராய்ச்சி

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்று இருந்தால் தண்ணீர் குடிக்க மான்கள் வரும். மான்கள் வந்தால் பின்னாலேயே சிறுத்தையும் வரும். கூப்பிட்டுக் கண்டிக்கலாம் என்றால், சிறுத்தை சிங்க ராஜாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஆகவே அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

தென்கரையில் தங்கபுஷ்பம் என்றொரு புள்ளிமான் இருந்தாள். போன கோடையில், தண்ணீரில் வாய் வைத்திருந்த அவளுடைய தலைச்சன் குட்டியைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. எல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தது. இந்தக் கோடைக்கு இன்னொரு குட்டி பிறந்திருந்தது, பெயர் பவளம். இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனையே கிடையாது.

வழியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்தக் காட்டில் மந்திகளுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரை மரத்தின் உச்சியில் ஒரு மந்தி உட்கார்ந்து, சிறுத்தையைக் கண்டதும் கத்தினால் போதும், மான்கள் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். தங்கபுஷ்பம் இரு கரை மான்களையும் கூட்டிக்கொண்டு ராஜாவிடம் போனாள்.

"கரைக்கு ஒரு மந்தியைக் காவலுக்குப் போடுங்க ராஜா. வேற ஒண்ணும் கேக்கல."

ராஜா கொட்டாவி விட்டார். "போட்டுவிடலாம். ஆனால் என் ஆட்சியில் எதையும் ஆராயாமல் செய்வதில்லை."

மந்தி கத்தினால் மான் ஓடும் என்பது நேற்றுப் பிறந்த குட்டிக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. அதற்கென்று ஒரு குழு போட்டார்கள். கணக்கியலுக்கு ஆந்தை, மனநலத்துக்குக் கரடி, வரலாற்றுக்கு ஆமை. குழுவில் மான் கிடையாது. மான் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மானைச் சேர்த்தால் நடுநிலை கெட்டுவிடுமாம். சிறுத்தையிடம் மட்டும் வீடு தேடிப் போய்க் கருத்துக் கேட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மந்தி கத்தினால் சிறுத்தைக்கு மன உளைச்சல் வரும் என்று கரடி கண்டுபிடித்தது. "எங்கள் பாட்டனார் காலத்தில் காவலா இருந்தது? மான்கள் இருக்கத்தானே செய்தன?" என்று ஆமை கேட்டது. பாட்டனார் காலத்தில் அந்தக் காட்டில் சிறுத்தையே இல்லை என்பதை ஆமையும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

கடைசியில் ஆந்தைதான் வழி சொன்னார். "வடகரைக்கு மந்தி உண்டு. தென்கரைக்குக் கிடையாது. மழைக்காலம் வந்ததும் எந்தக் கரையில் எத்தனை குட்டி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவோம். காவலால் பயன் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்."

தங்கபுஷ்பம் முன்னால் வந்தாள். "அப்ப எங்க குட்டிக எதுக்கு ஐயா?"

"ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அம்மா. நீங்கள் இல்லாவிட்டால் ஆராய்ச்சியே இல்லை."

ஆந்தை அவ்வளவு மரியாதையாகச் சொன்னதைக் கேட்டுத் தென்கரையில் இரண்டு கிழ மான்கள் பெருமைகூடப் பட்டுக்கொண்டன. தங்கபுஷ்பம் பெருமைப்படவில்லை. மறுநாளே பவளத்தை இழுத்துக்கொண்டு வடகரைக்குக் கிளம்பினாள். பாதி வழியில் காட்டுப்பன்றிக் காவலர் மறித்தார்.

"கரை மாறக் கூடாது தாயி. முடிவு கெட்டுப்போகும்னு ஐயா சொல்லிருக்காவ."

"எம்புள்ள செத்தா முடிவு நல்லா வருமாக்கும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. திரும்பிப் போ."

திரும்பிப் போனாள். போனவள் சும்மா இருக்கவில்லை. தென்கரைத் தாய்மான்களைச் சேர்த்து முறைவைத்தாள். ஒருத்தி மேட்டில் நின்று பார்க்க வேண்டும், சிறுத்தையின் வால்நுனி தெரிந்தாலும் கூவ வேண்டும். காவல் நிற்பவளுக்கு அன்றைக்கு மேய்ச்சல் கிடையாது. எல்லாருக்கும் விலா எலும்பு தெரிந்தது, கண் உள்ளே போனது. ஆனாலும் அந்தக் கோடையில் தென்கரையில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

இது ஆந்தைக்குத் தெரியாது. மான்கள் தண்ணீர் குடிக்க வருவது பகலில். பகலில் ஆந்தை தூங்குவார்.

மழை வந்தது. ஆந்தை இரு கரைகளிலும் வால்களை எண்ணினார். இரண்டு பக்கமும் குட்டிகள் குறையவில்லை. "காவல் இருந்த கரைக்கும் இல்லாத கரைக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே காவலால் பயனில்லை" என்று அறிக்கை போயிற்று. ராஜா மகிழ்ந்து வடகரை மந்தியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தங்கபுஷ்பம் ஓடிப்போய், "ஐயா, நாங்க பட்டினி கெடந்து காவல் நின்னோம்" என்றாள்.

ஆந்தை முகம் சுளித்தார். "ஆராய்ச்சிக்கு நடுவில் இப்படியெல்லாம் செய்யலாமா? படித்தவர்கள் செய்கிற வேலையைக் கெடுத்து வைத்திருக்கிறீர்களே."

மந்தி போன மறுவாரமே வடகரை மான் அன்னக்கிளியின் குட்டியைச் சிறுத்தை கொண்டுபோயிற்று. அடுத்தடுத்து இன்னும் சில. தங்கபுஷ்பம் துக்கம் கேட்கப் போனாள். இந்தத் தடவை பன்றி மறிக்கவில்லை, ஆராய்ச்சி முடிந்துவிட்டதல்லவா. பழக்கதோஷத்தில் பவளமும் அம்மா பின்னாலேயே போயிருந்தது. அன்னக்கிளி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒங்க பக்கம் ஒண்ணு ரெண்டு போயிருந்தா எங்களுக்கு மந்தி நின்னிருக்கும் மதினி," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதில் சொல்லலாம். அன்னக்கிளி சாதாரணமாகத்தான் சொன்னாள். தங்கபுஷ்பத்துக்குத் தன் குட்டி உயிரோடு இருப்பதே வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்து வரும் வழியெல்லாம் ஆத்திரமாக வந்தது.

வடகரையில் சாவு கூடியதும் ராஜா மறுபடி குழுவைக் கூட்டினார். குழு மறுபடி அதே ஆராய்ச்சியைச் செய்வதென்று முடிவெடுத்தது. மந்தி வடகரைக்கு, தென்கரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

தங்கபுஷ்பத்துக்கு இப்போது இவர்களுடைய நாடி பிடிபட்டிருந்தது. தாய்மான்களைக் கூட்டி வைத்துச் சொன்னாள். "இவங்களுக்குச் சாவுதான வேணும்? குடுத்திருவோம். குட்டியள மூங்கில் புதருக்குள்ள ஒளிச்சு வைங்க. ராத்திரி ஓடைத் தண்ணியக் காட்டுங்க. பகல்ல ஏரிக்கரையில வந்து ஒப்பாரி வைங்க. காவல்னு ஒண்ணு கெடையவே கெடையாது, கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

கரடி துக்கத்தை அளக்க வந்தது. தாய்மான்கள் வாரம் இரண்டு பேராக விழுந்து புரண்டு அழுதார்கள். தங்கபுஷ்பத்தின் முறை வந்தபோது அவள் நடிக்கவே இல்லை. செத்துப்போன தலைச்சன் குட்டியை நினைத்துக்கொண்டாள், அது போதுமாக இருந்தது. அந்தக் குட்டி நிஜமாகவே செத்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கரடி பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் துயரம் பத்துக்கு எத்தனை இருக்கும்?" என்று கேட்டது.

மழை வந்தது. ஆந்தை எண்ணினார். வடகரையில் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. தென்கரையில் ஒன்றுகூட இல்லை. இதைவிடத் தெளிவான முடிவு எந்தக் காட்டிலும் வந்ததில்லை என்று ஆந்தை சிறகை விரித்துச் சொன்னார். சபை ஆரவாரித்தது. தங்கபுஷ்பம் முன்வரிசையில் நின்று, தன் கரைக்கு எந்த மந்தி வரும், நல்ல தொண்டையுள்ள மந்தியாகக் கேட்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ராஜா தீர்ப்பு சொன்னார். "காவலால் பயன் உண்டு என்று ஐயம் திரிபற நிரூபணமாகிவிட்டது. ஆகவே வடகரைக்கு நிரந்தரமாக ஒரு மந்தி."

"தென்கரைக்கு ராஜா?"

ராஜா ஆந்தையைப் பார்த்தார். ஆந்தை கனைத்துக்கொண்டார். "தென்கரையில் காப்பாற்றுவதற்குக் குட்டிகளே இல்லையே அம்மா. காலியான கரைக்குக் காவல் போட்டால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?"

தங்கபுஷ்பம் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பவளத்தைச் சபைக்கு இழுத்துவந்தாள். பின்னாலேயே மற்றத் தாய்மான்களும் குட்டிகளோடு வந்து நின்றார்கள். "ஐயா, இந்தா இருக்கு, பாருங்க. எல்லாம் உசிரோடதான் இருக்கு."

ஆந்தை பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது அம்மா," என்றார். "அறிக்கையின்படி இவை இறந்துவிட்டன. இறந்தவற்றைச் சிறுத்தை எப்படித் தின்னும்? தைரியமாக வீட்டுக்குப் போங்கள்."

சபை கலைந்தது. தங்கபுஷ்பம் தென்கரைக்குத் திரும்பி வந்து, பவளத்தைத் தண்ணீர் குடிக்க விட்டுவிட்டு, பழையபடி மேட்டில் ஏறி நின்றாள். அன்றைக்கும் அவளுக்கு மேய்ச்சல் இல்லை. அறிக்கை எதையும் படித்திராத சிறுத்தை எதிர்ப்புதரில் படுத்திருந்தது.

நீதி: உங்கள் ஊருக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் கொஞ்சம் செத்திருங்கள், முழுக்கச் செத்துவிடாதீர்கள். எவ்வளவு செத்தால் போதும் என்று கேட்காதீர்கள், அதற்கும் இரண்டு கரை வேண்டும் என்பார்கள்.