எட்டில் ஒரு பங்கு விமானம்

பால்ச்சாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. துடைப்பம் வாங்குவதானாலும் இரண்டு கடைகளில் விலை கேட்டு, ஒப்பிட்டு, நெடுநேரம் யோசிப்பார். யோசித்தபின், முதலிலேயே மனத்தில் நினைத்திருந்ததைத்தான் வாங்குவார். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் துணி நெய்யும் ஆலை வைத்திருந்த அவர், தொண்ணூற்றெட்டாம் வருடம் அதே முறைப்படி விமானம் வாங்கப் புறப்பட்டார்.

முழு விமானம் அல்ல. பம்பாய்க் கம்பெனி ஒன்று இரண்டு வழிகள் சொல்லியிருந்தது. சிறிய ஜெட் விமானம் ஒன்றில் எட்டில் ஒரு பங்கை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதாமாதம் பராமரிப்புச் செலவு கட்டவேண்டும். அல்லது, இருபத்தைந்து மணி நேரப் பயணத்துக்கு முன்பணம் கட்டி ஒரு கார்டு வாங்கிக்கொள்ளலாம். பராமரிப்புத் தொல்லை இல்லை, மணிக்கட்டணம்தான் கூடுதல்.

"இதுல விளங்காம என்ன இருக்கு?" என்றார் பால்ச்சாமி, மேனேஜர் சாரங்கபாணியிடம். "கூட்டுக் கிணத்துல பங்குள்ளவன், முறை வந்தா மீசைய முறுக்கிக்கிட்டுத் தண்ணி பாய்ச்சுவான். பங்கில்லாதவன் அடுத்தவன் மோட்டாருக்கு மணிக்கணக்குல துட்டுக் குடுத்து வாங்குவான். கார்டு எடுத்தா நான் மணித்தண்ணிக்காரன் ஆயிருவேன்லா?"

"கௌரவம் வேற, கணக்கு வேற முதலாளி. வருஷத்துக்கு நூறு மணி நேரமாவது பறந்தாத்தான் பங்கு கட்டுப்படியாகும். அதுக்குக் கீழன்னா கார்டுதான் மலிவு."

"நான் எம்புட்டுப் பறக்கேன்?"

"பம்பாய்க்கு ரெண்டு தடவை. மதுரையில ஏறி இறங்க, போக வர எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம்."

புத்தியுள்ளவர் அந்த இடத்தில் ரயில் டிக்கெட் எடுத்திருப்பார். பால்ச்சாமியோ, தொப்பியை வாங்கிவிட்டு அதற்குப் பொருந்தத் தலையை வீங்கவைத்துக்கொள்கிறவரைப்போல, மணிகளைக் கூட்டத் தொடங்கினார்.

"திருப்பதிக்கு மாசம் ஒரு மொட்டைன்னு போட்டுக்கிடும்."

"முடி வளரணுமே முதலாளி."

"அப்பக் காசி?"

"அடிக்கடி போனா, யாரைக் கரைக்கப் போறார்னு ஊர்ல கேப்பா."

என்ன கூட்டியும் நாற்பதைத் தாண்டவில்லை. அப்போதுதான் அவர் பார்வை மகளின் கல்யாணத்தின்மீது விழுந்தது. செண்பகவல்லிக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்க்கும் முத்துராமலிங்கத்துக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, தட்டும் மாற்றியாகிவிட்டது. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் போயிருந்தது.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பிளேன்ல எம்புட்டு நேரம்?"

"சக்கரத்தை மடக்குறதுக்குள்ள அந்த ஊரையே தாண்டிடும்."

"அப்ப இந்தச் சம்பந்தம் சரிப்படாது" என்றார் பால்ச்சாமி.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பனார், ஓய்வுபெற்ற ஹவில்தார் சிவனாண்டிக்குப் போன் போட்டு நிச்சயத்தை முறித்தார். அவர் காரணம் கேட்டதற்கு, "ஊரு ரொம்பக் கிட்டத்துல இருக்கு" என்றார். பெண் கொடுக்க மறுப்பதற்கு மனிதகுலம் எத்தனையோ காரணங்களைக் கண்டுபிடித்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமை பால்ச்சாமி ஒருவரையே சேரும்.

"நான் என்ன லக்கேஜாப்பா?" என்று சீறினாள் செண்பகவல்லி. "லக்கேஜுலகூட எங்க போகுதுன்னு சீட்டு ஒட்டுவாவ!"

"சும்மா இரு ஏட்டி. டெல்லியில மாப்பிள்ளை பாத்திருக்கேன். ஒருக்காப் போய் வந்தா ஏழு மணி நேரம்!"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே, தலைதீபாவளிக்குக் கூட்டிவருவது, வளைகாப்பு, இன்னும் பிறக்காத பேரனுக்குக் காதுகுத்து என்று சாரங்கபாணி கூட்டிக்கொண்டே போனார். கணக்கு நூறைத் தாண்டியது. பால்ச்சாமி ஆலை முழுவதற்கும் பால்கோவா கொடுத்தார்.

பால்கோவாவின் இனிப்பு நாக்கைவிட்டுப் போகுமுன் டெல்லி மாப்பிள்ளை போனில் வந்தார்.

"மாமா, வேலைய விட்டுட்டு ராஜபாளையத்துக்கே வந்துருதேன். உங்க வீட்டு மாடி போதும். ஆலைய நானே பாத்துக்கிடுதேன். அதுல எட்டுல ஒரு பங்கு மட்டும் எம் பேருக்கு எழுதிருங்க. பங்குக்காரன்னாத்தான மாமா மதிப்பு?"

வானத்தில் பங்கு தேடியவருக்குத் தரையில் ஒரு பங்குக்காரன் முளைத்துவிட்டான். பால்ச்சாமி ரிசீவரை வைத்துவிட்டு, மகளின் அறை வாசலில் போய் நின்றார்.

"ஏட்டி, டெல்லியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கதவத் தொற."

"மொதல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல போய் அவிய கதவத் தட்டுங்க. பொறவு இதத் தொறக்கேன்."

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினார். சிவனாண்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க. கிட்டத்து ஊருதான, நடந்தே வந்துட்டீயளோ?"

"தப்புப் பண்ணிட்டேன் சம்பந்தி."

"எம் பையன் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வாரான். மாப்பிள்ளைக்கு என்ன கொறைன்னு தெருவே கேக்கு. பக்கத்துல இருக்கான், அதான் கொறைன்னு சொல்லவா?"

பால்ச்சாமி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தெரு பார்க்கக் கைகூப்பினார். சிவனாண்டியின் பின்னால் முத்துராமலிங்கம் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் கூப்பிய கை இன்னும் மேலே போனது.

"மாப்ளே, என்ன மன்னிச்சிருங்க. எம் மகளுக்கும் உங்களுக்கும் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். நம்பலைன்னா, இந்தா ஆண்டாள் கோபுரத்தப் பாத்துச் சொல்லுதேன். உசுரு உள்ளமட்டும் ஏரோப்ளேன்ல கால் வைக்கமாட்டேன். பங்குலயும் ஏறமாட்டேன், கார்டுலயும் ஏறமாட்டேன்!"

முத்துராமலிங்கம் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். சிவனாண்டி வழிவிட்டு ஒதுங்கினார். அவர் மனைவி வெள்ளத்தாய் காப்பியைக் கொண்டுவந்து பால்ச்சாமியின் கையில் கொடுத்துவிட்டு, அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"சத்தியத்தச் செத்த நேரம் கழிச்சுப் பண்ணியிருக்கலாம் அண்ணாச்சி, எம் மகனுக்கு அந்தமானுக்கு மாத்தலாகியிருக்கு, இனி மகளப் பாக்கணும்னா நீங்க கப்பல்லதான் போகணும்."