குளிர் தாங்காத எலிகளும் என் மனைவியும்

என்ன படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். படிப்பு குறைச்சல் என்பதால் அல்ல; படித்த விஷயம்தான் காரணம்.

மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு முதுகலை ஆராய்ச்சி. குளிரறையில் எலிகளை வைத்து அவற்றின் தைராய்டு ஹார்மோனை அளப்பது வேலை. குளிர் பட்டால் அந்த ஹார்மோன் கூடும். உடம்பு அடுப்பு மாதிரி எரிந்து சூடு தரும். அப்படி எரியும்போது செல்களும் கொஞ்சம் கருகும். ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று அதற்குப் பெயர். சில எலிகளுக்கு மருந்து கொடுத்துத் தைராய்டை மட்டுப்படுத்தியிருந்தோம். அவை மூலையில் ஒடுங்கி நடுங்கும். (ஒன்று தும்மினால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.)

தம்போயில் வாடகை வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி தேவிக்குச் செனாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள்.

"ஃபேன நிறுத்துங்க லா, குளுருது."

"இந்த வெயில்ல யாருக்குக் குளுரும்? படுத்தே கெடந்தா அப்படித்தான்."

முடி கொட்டுகிறது என்றாள். ஷாம்பூவை மாற்றச் சொன்னேன்.

ஆய்வு முடிவுகளைத் துறையில் எல்லார் முன்னாலும் பேசும் நாள் வந்தது. என் பெருமையைப் பார்க்கட்டும் என்று தேவியை லீவு போட வைத்து அழைத்துப் போனேன். ஏர்கான் அரங்கில், ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"தைராய்டு குறைந்த எலியைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். சோர்ந்து கிடக்கும். ரோமம் மெலியும். குளிர் தாங்காது. கவனிக்கிற கண் இருந்தால் போதும்" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

யாரோ கனைத்தார்கள். எல்லார் பார்வையும் திரையை விட்டு முதல் வரிசைக்கு நகர்ந்தது. நானும் பார்த்தேன். தேவி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மேற்பார்வையாளர் ஜமீலா மேடம் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மெல்லத்தான் கேட்டார். அரங்கம் இருந்த அமைதியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"எத்தன நாளாம்மா இப்படிக் குளுருது?"

"ஒரு வருஷத்துக்கு மேல மேடம்."

"ரத்தம் எடுத்துப் பாத்தீங்களா?"

"ஒண்ணுமில்லன்னு இவருதான் சொன்னாரு."

என் கையில் மைக் இருந்தது. அதை அணைத்து மேசைமேல் வைத்தேன்.

அந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்தோம். தைராய்டு மிகவும் குறைவு. தினம் ஒரு மாத்திரை என்றார் டாக்டர். சில மாதங்களில் தேவி பழையபடி நடமாட ஆரம்பித்தாள். ஒரு நாள் ஃபோனில் யாரிடமோ பேசிச் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஒரு வருஷத்தை அவளுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது எங்கள் மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் தேவி அவளிடம் சொல்வது இதுதான்: "அப்பாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஒரு கூண்டுக்குள்ள போய் ஒக்காந்துக்க. அப்பத்தான் அவருக்குக் காதுல விழும்."

விருந்தாளிகள் இருந்தால் அவர்களும் சிரிப்பார்கள். அதற்குள் நான் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருப்பேன்.