துவாய் தொங்கிய வால்வு

வீட்டில் குழாய் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்காரனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இருக்கிற பாத்திரத்தையெல்லாம் கொண்டுவந்து நிரப்ப வேண்டும்.

சிரிக்காதீர்கள். கொட்டாஞ்சேனையில் பதினெட்டு வீட்டுக்கு ஒரே பைப் உள்ள முடுக்கில் வளர்ந்தவன் நான். அங்கே தண்ணீர் வந்தால் பிடிப்போம். நிறுத்துவது பற்றி யாரும் யோசித்ததில்லை. பத்து மணியானால் அதுவே நின்றுவிடும். (என் படிப்பும் அப்படித்தான், ஐந்தாம் வகுப்போடு அதுவே நின்றுவிட்டது.)

கனடாவில் இருக்கும் என் ஒரே மகள் ஷாமினி, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் எனக்கொரு பிளாட் வாங்கித் தந்தாள். "அப்பா, மெயின் சுவிட்ச் எங்க, தண்ணி வால்வு எங்கன்னு கேட்டு வைங்க" என்றாள். சாவி தந்தவரிடம் கேட்க எனக்கு வெட்கம். (வீட்டுக்காரன் கேட்கிற கேள்வியா அது?) "கேட்டுட்டேன் மகள்" என்று போனில் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதமே அவள் வந்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு. இடையில் அவள் அம்மா போய்ச் சேர்ந்தபோது, விசாப் பேப்பர் சரிவராமல் அவளால் வர முடியவில்லை. அம்மா கடைசியாக அவளைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதம் கண்ணாடி முன் நின்று பழகினேன். நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன் நான். அதிலும் பாதி பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லத்தான் போகும்.

"ஏர்போர்ட்டுக்கு வராதீங்க, வேன் பிடிச்சு வாறேன்" என்றாள். அன்று காலை சோறு, மீன்குழம்பு எல்லாம் தயார். குசினிக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வீட்டை ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்று நினைத்துவிடுவாளோ? குறடு ஒன்றை எடுத்து அதை இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். குழாய் கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் நேராக என் முகத்தில் அடித்தது. நான் ஓடினேன், வால்வைத் தேடியல்ல, வாளியைத் தேடி. வாளி, குடம், சோற்றுப்பானை, கடைசியில் தேநீர்க் கோப்பைகள் வரை நிரப்பினேன். பத்து மணியானது. நான் நம்பிக்கையோடு குழாயைப் பார்த்தேன். அது நிற்கவில்லை. ஓடிப்போய், குளியலறை வாசலில் ஒரு இரும்புச் சக்கரத்தில் தொங்கிய, தலை துவட்டும் துவாயை உருவிவந்து, உடைந்த வாயில் அடைத்தேன். துவாயையும் நனைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது.

கீழ்வீட்டு டீச்சர் படியேறி வந்தார். ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டீச்சர், பாதத்தில் செருப்பில்லை.

"தம்பி, எங்கட சீலிங்கால ஊத்துது. மெயின் வால்வைப் பூட்டினனீங்களோ?"

"ஓம் டீச்சர்" என்றேன்.

"பூட்டினால் ஏன் வருது?"

கையில் நிரம்பிய குடத்தை அவரிடம் நீட்டினேன். அவரும் என்ன நினைத்தாரோ, வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் பெட்டியோடு ஷாமினி வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நெற்றி அப்படியே அவள் அம்மா. ஆறு வருடம் காத்திருந்து நான் சொன்ன முதல் வார்த்தை:

"மகள், அந்த வாளிய இங்கிட்டுத் தள்ளுங்க."

அவள் தள்ளவில்லை. வீட்டை ஒருமுறை பார்த்தாள். "ரெண்டு பேரும் பிளக் பக்கம் போகாதீங்க" என்றாள். ஈரமில்லாத கையால் வாசலோரக் காலண்டரைத் தூக்கி, அதன் பின்னால் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். (ஆணி அடிக்காமல் மாட்ட நல்ல இடம் என்று நான் கண்டுபிடித்திருந்த இடம்.) பிறகு குளியலறை வாசலில் அந்த இரும்புச் சக்கரத்தைச் சுற்றினாள். தண்ணீர் நின்றது.

"இது என்னன்னு நெனச்சீங்க அப்பா?"

"துவாய் கொழுவுறதுன்னு."

டீச்சர் குடத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம்வரை இருவரும் குந்தியிருந்து தரையைத் துடைத்தோம். நான் இடுப்பில் கட்டும் பழைய சாரம், தலையணை உறை எல்லாம் துடைக்கப் போயிற்று. முகம் பார்க்காமல் இருந்ததாலோ என்னவோ, எனக்கு வாய் வந்தது.

"அம்மா கடைசியா சொன்னது... புள்ள வந்தா அந்தப் புதுத் துவாய எடுத்துக் குடுங்கன்னு. உங்களுக்குன்னே பொலித்தீன் பிரிக்காம வச்சிருந்தா."

"எங்க அது?"

நான் குழாயைக் காட்டினேன். காலையில்தான் பிரித்து, அவளுக்காக அந்தச் சக்கரத்தில் தொங்கவிட்டிருந்தேன். அவள் அதை உருவி, பிழிந்து, முகத்தில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு சிரிக்கவும் செய்தாள்.

மூன்று வாரத்தில் போய்விட்டாள். துவாயும் அவளோடு போய்விட்டது. அங்கே சொந்தக்காரர் கூடினால் இன்றைக்கும், "ஆறு வருசத்துக்குப் பிறகு அப்பா என்கிட்ட கேட்டது வாளி" என்று சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் பரீட்சை வைக்கிறாள். வால்வு எங்க? மெயின் சுவிட்ச் எங்க? கேஸ் மணத்தால் முதல்ல என்ன செய்யணும்? ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். "கெட்டிக்காரன்" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாள்.

இப்போது நான் சரியாகச் சொல்வதில்லை. போன ஞாயிறு, கேஸ் மணத்தால் முதலில் லைட்டைப் போட்டுப் பார்ப்பேன் என்றேன்.

"ஐயோ அப்பா, சுவிட்ச்ச தொடவே கூடாது. ரெகுலேட்டர மூடுங்க, ஜன்னலத் தெறங்க, வெளிய போங்க" என்று முதலிலிருந்து தொடங்கினாள். கதிரையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம். அவளும் அவசரப்படவில்லை.