ஏனோக் மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த பாக்கியவதி, நல்ல புடவையை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டு, பின்வாசல் குழாயடியில் போட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குடலை வெந்நீர் ஊற்றி, மஞ்சள் போட்டுத் தேய்த்து, புரட்டிப் புரட்டி அலச வேண்டும்; அவசரப்பட்டால் நாறும். அண்ணன் ஏனோக் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். வரும்போது பதிலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பதிலோடு வருகிறவர் என்றதும் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே? ஊருக்கு ஒருவர், பெரிய குடும்பமென்றால் வீட்டுக்கே ஒருவர் உண்டு: விசாரித்துச் சொல்கிறவர். அவருக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது; தெரிந்த ஆளை அவருக்குத் தெரியும். ஸ்கூட்டர் வாங்க வேண்டுமா, முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமா, மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்ட வேண்டுமா, எதைக் கேட்டாலும் கண்ணை லேசாக மூடித் திறந்து, "அவசரப்படாதீங்க. நம்ம ஆளு ஒருத்தன் கீறான். ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுச் சொல்றேன்" என்பார். அவ்வளவுதான். காரியம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

அதற்காக ஏனோக் விசாரிப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். விசாரிப்பார். தம்பி டென்னிஸின் கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போனார். பதில் வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, குழந்தை எல்.கே.ஜி.யும் சேர்ந்துவிட்டது. ஆனால் பதில் வந்தது. "நல்ல குடும்பந்தான். தாராளமா பண்ணலாம்."

ஏனோக்கின் விசாரணை மன்றம் ரயிலில் கூடுகிறது. தினமும் பெங்களூருக்குப் போய்வருகிற உத்தியோகம். வண்டி புறப்படுகிற மாரிகுப்பத்திலேயே ஏறுவதால் ஜன்னலோரம் அவருக்கு நிச்சயம். சாம்பியன் ரீப்ஸில் ஏறுகிறவர்கள் இருக்கிற இடுக்கில் ஒட்டிக்கொள்வார்கள். பங்காருபேட்டையில் ஏறுகிறவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். உட்கார்ந்திருப்பவர் பேசினால் நிற்கிறவர் கேட்டுத்தானே ஆகவேண்டும்? எங்கே ஓடுவது? இப்படியே வருஷக்கணக்கில் தலையாட்டல்கள் சேர்ந்து, மாரிகுப்பத்தில் ஏறிய மனுஷன் விவரமான மனுஷனாக இறங்கினார்.

இந்தத் தடவை நின்றுகிடப்பது பாக்கியவதியின் மகள் ஷைலாவின் படிப்பு. மெடிக்கல் அசிஸ்டென்ட் டிப்ளமா முடித்து, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறாள். ரத்தம் எடுப்பாள், பிரஷர் பார்ப்பாள், டாக்டர் கத்தினால் அவருக்கும் பிரஷர் பார்ப்பாள். இதற்குமேல் போக வேண்டுமென்றால் டிகிரி வேண்டும். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஹெல்த் சயின்ஸ் பி.எஸ்சி. இருக்கிறது, டிப்ளமாக்காரர்களை நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். போன வருஷமே இடம் இருந்தது. "உங்க மாமா ஒரு வார்த்தை விசாரிக்கட்டும்டி" என்று பாக்கியவதிதான் சொன்னாள். மாமா விசாரித்தார். இடம் போயிற்று. இந்த வருஷத்துக்கு நாளைதான் கடைசி நாள்.

போன ஞாயிறு ஏனோக் ஓர் ஆட்சேபம் கிளப்பியிருந்தார். "அதெப்படி நேரா ரெண்டாவது வருஷம்? கேஜு மொத லெவல்ல நிக்காம நேரா ரெண்டாவது லெவலுக்கு எறங்குமா? எங்கியோ இடிக்குது." தங்கச் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் அந்தக் கூண்டில் அவர் ஒரு நாளும் இறங்கியவரல்லர். அப்பா இறங்கினார், மகன் அந்த உரிமையில் பேசுகிறார்.

"மொத லெவல்லதான் ரெண்டு வருஷம் வெட்டிட்டேனே மாமா, இன்னும் அங்க இன்னா கீது?" என்றாள் ஷைலா.

"பேச்சு நல்லா கீது. நான் விசாரிச்சிட்டு வர்றேன்."

இதோ, வந்துவிட்டார். சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, முதல் கவளம் உள்ளே போகிறவரை வாய் திறக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறவர்கள் வெறும் வயிற்றோடு தீர்ப்புச் சொல்வதில்லை.

"விசாரிச்சிட்டேன்" என்றார். "ஷைலா சொன்னது கரெக்ட்தான். ரெண்டாவது வருஷத்துலயே சேத்துக்கறாங்களாம். நாளைக்குத்தான் கடைசியாம்."

பாக்கியவதிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போலிருந்தது. கரண்டி நிறையப் போட்டியை அள்ளி அவர் தட்டில் போட்டாள்.

"யாரு மாமா சொன்னாங்க?" என்று கேட்டாள் ஷைலா.

"நம்ம சுனில், ரயில்ல வருவானே. அவன் பொண்டாட்டி ரூபாவுக்கு ஆஸ்பத்திரிப் பழக்கம் உண்டு."

"எங்க நர்சிங் ஹோம்ல ரிசப்ஷன்ல உக்கார்ற ரூபாக்காவா?"

"இருக்கும். அவங்க, இந்த விஷயத்த கரைச்சுக் குடிச்ச பொண்ணு ஒருத்திய கேட்டுச் சொல்லிகீறாங்க. அவங்ககூட வேல செய்ற பொண்ணுதானாம். டிப்ளமா முடிச்சதாம். புள்ளிவெவரமா சொல்லிச்சாம்."

ஷைலா சாப்பிடுவதை நிறுத்தினாள். அந்த நர்சிங் ஹோமில் டிப்ளமா முடித்த பெண் ஒருத்திதான். அவள் கையிலும் இப்போது போட்டிக் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணு" என்று குரலைத் தாழ்த்தினார் ஏனோக். "இவ்ளோ தெரிஞ்ச அந்தப் பொண்ணே இன்னும் சேரலியாம். ஏன்னு கேட்டா, அதுங்க வீட்ல யாரோ பெரிய மனுஷன் விசாரிச்சிகினு கீறாராம். அவரு பதில் வரட்டும்னு உக்காந்துகினு கீதாம். பாத்தியா பாக்கியம்? வெவரமான குடும்பம். அவங்களே பொறுக்கறப்ப நமக்கு இன்னா அவசரம்? ஒரு வருஷம் பாக்கலாம்."

"அந்தப் பெரிய மனுஷன் எப்ப மாமா பதில் சொல்வாராம்?"

"அதையும் விசாரிக்கச் சொல்லிகீறேன்."

பாக்கியவதி மகளைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு முட்டியது; பாக்கியவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இருமுவதுபோல் சமாளித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஒன்று உறைத்தது. போன வருஷம் அந்தப் பெண்ணை உட்காரவைத்தது யார்? அண்ணன் மட்டுமா?

"ஷைலா, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வெச்சியா?"

"பையிலயே கீதும்மா."

"மொத வண்டிக்கே கெளம்பிடு. நான் எழுப்பறேன்."

ஏனோக்கின் கவளம் பாதி வழியில் நின்றது. "இன்னா பாக்கியம், யாரைக் கேட்டு அனுப்பற?"

"விசாரிச்சிட்டேண்ணா. அந்தப் பொண்ணையே கேட்டுட்டேன்."

"அட! உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?" ஏனோக் இடக்கையால் போனை எடுத்தார். "நம்பர் குடு. நம்ம வட்டத்துல ஒருத்தி இருக்கட்டும்."

மறுநாள் ஷைலா சாம்பியன் ரீப்ஸில் வண்டி ஏறினாள். மாமா ஜன்னலோரம் அமர்ந்து, யாருக்கோ நிலம் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே போனாள். இடம் கிடைத்தது. வகுப்பும் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் யாருக்கும் அவரிடம் உண்மையைச் சொல்ல மனம் வராததால், அந்த இன்னொரு பெண் சேர்ந்தாளா இல்லையா என்று ஏனோக் இன்றுவரை கவலையோடு விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அண்ணன் மகளோ அக்கா மகளோ, உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்து, மேலே படிக்கட்டுமா என்று கேட்டாளே, போன மாதம்? நீங்கள் கண்ணை லேசாக மூடித் திறந்து, "அவசரப்படாதேம்மா, தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், கேட்டுச் சொல்றேன்" என்றீர்களே? "சரிதானே?" என்று வேறு கேட்டீர்களே?

அப்புறம் அவள் என்ன செய்தாள்? காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு, எழுந்து உள்ளே போகவில்லையா?